சாவி பப்பில் கிடைக்கும்

'சாவி பப்பில் கிடைக்கும்' என்று எழுதிய அட்டை வில்கா ஊர்ப் பொது மண்டபத்தின் பூட்டிய கதவில் தொங்கியது. கோலின் அதை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அதையேதான் சொன்னது.

சனிக்கிழமை, மணி மூன்றே முக்கால். குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் நான்கு மணிக்கு இங்கே நடக்கும் என்று செல்போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தான். அவனுடைய ஊரிலும் அப்படி ஒன்று நடக்கிறது. ஆனால் அதன் வாசலில் அவன் வண்டி நின்றால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் கோதுமை வயல்களைக் கடந்து எண்பது கிலோமீட்டர் வந்திருந்தான். குடியைத் தொட்டுப் பன்னிரண்டு நாளாகிறது.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, ஏழு வயது மகள் ஹேசலை நீச்சல் குளத்திலிருந்து கூட்டிவரப் போனவன், 'ஒன்றே ஒன்று' என்று வழியிலிருந்த பப்பில் நுழைந்தான். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், மூடிய கேட்டுக்கு வெளியே, குழந்தை இரண்டரை மணி நேரம் நின்றாள். மயங்கி விழுந்தவளை யாரோதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனைவி ட்ரூடி கத்தவே இல்லை.

"நிறுத்திட்டேன் நிறுத்திட்டேன்னு நூறு தடவ சொல்லிட்ட கோலின். இனி வாயால சொல்லாத. கூட்டத்துக்குப் போயிட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழம நானும் பிள்ளையும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவோம். திரும்பி வரமாட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்ச்சாரியில் பப். உள்ளிருந்து சிரிப்புச் சத்தமும் பியர் வாடையும் வந்தன. மர நிழலில் ஒரு பழைய வெள்ளைக் கார். அதற்குள் ஒரு வயதான அம்மாள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மண்டபம் பூட்டியிருந்தது என்று ட்ரூடியிடம் சொல்லிவிடலாமா? அது பொய்யும் ஆகாதே! வண்டிப் பக்கம் இரண்டடி நடந்தான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு தெருவைக் கடந்தான்.

"அடடே, கோலின்!"

அறுவடைக் காலத்தில் அவனோடு சேர்ந்து லாரி ஓட்டும் உள்ளூர்க்காரன் கிளிஃப். யார் கண்ணில் படக்கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தானோ அவனே எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"வா மாப்ள, உக்காரு! இந்த ரவுண்டு என்னுது. நொலீன், இவனுக்கு ஒண்ணு ஊத்து!"

வாங்கிக் கொடுப்பதை இங்கே மறுத்தால் முகத்தில் துப்பியது போல. வாங்கிக் குடித்துவிட்டாலோ, பதிலுக்கு ஒரு ரவுண்டு வாங்காமல் எழுந்திருக்க முடியாது. அப்புறம் கூட்டமாவது, வீடாவது! மது ஊற்றும் கவுண்டருக்குப் பின்னால் நின்ற நொலீன் நுரை ததும்பும் கிளாஸை அவன் முன் வைத்தாள்.

"மண்டபத்துச் சாவி வேணும்" என்றான் கோலின். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எதுக்கு?"

"டான்ஸ் கத்துக்கப் போறான் போல!" என்றான் கிளிஃப். நாலைந்து பேர் சிரித்தார்கள். "மொதல்ல இத அடி மாப்ள. கால் தானா ஆடும்."

மண்டபத்து வயரிங்கைப் பார்க்க வந்தேன் என்ற பொய் வாய் வரை வந்தது. கை கிளாஸைத் தொட்டேவிட்டது. என்ன குளிர்ச்சி! அந்தக் குளிர்ச்சியில் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஹேசலின் வெடித்த உதட்டில் நர்ஸ் ஐஸ்கட்டியை வைத்து வைத்து எடுத்தாளே... கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"குடிகாரங்க கூட்டத்துக்கு. நான் குடிகாரன், நொலீன். என்னால தனியா நிறுத்த முடியல."

சிரிப்பு நின்றது. கிளிஃப் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நொலீன் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மண்டபத்தைத் திறந்து நாலு நாற்காலி போட்டான். மணி நான்கு. யாரும் வரவில்லை. நான்கு மணி ஐந்து நிமிடம். இதற்காகவா மானத்தை விட்டோம் என்று வாசலை எட்டிப் பார்த்தான். அப்போது வெள்ளைக் காரின் கதவு திறந்தது. அந்த அம்மாள் மெல்ல நடந்து உள்ளே வந்தாள்.

"நான் ஐவி. இந்தக் கூட்டத்த நடத்துறவ."

"அப்போ ஏன் கார்லயே உக்காந்திருந்தீங்க?" கோலினுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் பப்புக்குள்ள கால் வச்சுப் பத்தொன்பது வருஷம் ஆச்சு தம்பி. இன்னிக்கும் வைக்கப் பயம். கூட்டத்துக்கு எப்பவும் சாவி வாங்கிட்டு வர்ற ஆளு ஆஸ்பத்திரில கிடக்கான். ஆறு சனிக்கிழமையா கார்ல உக்காந்து பாக்குறேன். ஒன்பது பேரு வந்தாங்க, அட்டையப் படிச்சாங்க, போயிட்டாங்க. நீதான் பப்புக்குள்ள போன."

"நொலீனுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா வெளிய கொண்டாந்து குடுத்திருப்பாங்களே?"

ஐவி தலைகுனிந்தாள். "பண்ணியிருக்கலாம். கேக்க வெக்கம். வெக்கப்படாதீங்கன்னு மத்தவங்களுக்குத்தான் வாய் கிழியச் சொல்லுவேன். நாம குடிச்சத ஊரே பாத்துச்சு தம்பி, அப்போ வெக்கப்படல. விடறதுக்குத்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றோம். சாராயம் பாதிதான் கொல்லுது. மீதிய இந்த வெக்கம் கொன்னுடுது."

கோலின் எழுந்துபோய்க் கதவிலிருந்த அட்டையைக் கழற்றினான். பின்பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தில் எழுதினான்: 'சனிக்கிழமை மூன்றரைக்கே கதவு திறந்திருக்கும். வாருங்கள்.' கீழே தன் பெயரையும் ஊரையும் எழுதி, தெருவில் போகிறவர் எவரும் படிக்கும்படி மாட்டினான்.