பீன்ஸ் முளைக்காத பாத்தி

லோதார் வீஸ்மனின் இசையில் உலகம் என்னென்னவோ கண்டுபிடித்திருந்தது. அவர் மனைவி இர்ம்கார்டுக்கு மட்டும் ஐம்பது வருஷமாக அது குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போகும் சத்தமாகவே கேட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பேட்டி எடுக்க வருகிறவர்கள் அவளிடம் கேட்டதெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத்தான்.

லோதாரின் அப்பா ட்யூசல்டோர்ஃபில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். போர் முடிந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் கெட்டுப்போன ரேடியோ எல்லா வீட்டிலும் இருந்தது. பையன் அந்த இரைச்சலைக் கேட்டே வளர்ந்தான். ரேடியோ சரியாகிப் பாட்டு வர ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். இசைக் கல்லூரியில் சேர்த்தார்கள். பியானோ வாசிக்கச் சொன்னால் அதன் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக் கம்பிகளைச் சுரண்டினான். வெளியே அனுப்பிவிட்டார்கள். இசை வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அதை 'மரபு உடைந்த கணம்' என்கிறார்கள். அன்று அவன் அப்பா அதற்கு வேறு பெயர் சொன்னார், அதை அச்சில் போட முடியாது.

மின்னணு இசையின் முன்னோடி ஆவதற்கு நிறைய நேரம் வேண்டும். அந்த நேரத்தை இர்ம்கார்ட் கொடுத்தாள். அவள் வரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவர் வீட்டில் ஒயர் ஒட்டினார்.

அவளுக்கென்று இருந்தது தோட்டம் ஒன்றுதான். ரயில் பாதை ஓரத்தில் நகரசபை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு மரக்குடிசையோடு, சங்கத்தின் மூலம் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து அவள் தன் பெயரில் ஒரு துண்டு வாங்கினாள். ஒரு ஓரத்தில் செம்மணிப் பழப் புதர், நடுவில் புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப், வேலியோரம் பீன்ஸ். அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, மாலையில் மண்ணில் கை வைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

எழுபத்து நாலு கோடையில் அவள் தங்கைக்குப் பிரசவம். இர்ம்கார்ட் கிளம்புமுன் வேலியோரப் பாத்தி முழுக்க பீன்ஸ் விதைத்தாள். லோதாரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். தண்ணீர் ஊற்று.

திரும்பி வந்தபோது பாத்தி பொரித்த அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் நாற்காலி போட்டு, மடியில் தான் செய்த சத்தப் பெட்டியோடு லோதார் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய நண்பன் ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படம் இசைத்தட்டின் அட்டையில் வந்தது. இசைத்தட்டின் பெயர் 'தரிசு'.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்தது. டெட்ராய்ட்டில், ஒசாகாவில், மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருட்டறைகளில் தரிசுக்கு ஆடினார்கள். இரண்டாம் பக்கத்தில் இரைச்சல் திடீரென்று நின்று ஒரு நீண்ட மௌனம் வரும். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தோட்டங்களில் அமைதி நேரம். குடிசையில் பதிவு நடந்த அன்று, அப்போது சங்கத் தலைவராக இருந்த கிழவர் ப்ரெமர் ஒரு மணியானதும் வந்து குடிசையின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தார். டேப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட்காரர் ஒருவர் அந்த மௌனத்தை நான்கு மடங்கு நீட்டித் தனித் தட்டாகப் போட்டார். நன்றாக விற்றது.

இப்போது லோதாருக்கு எண்பது. வாரம் தவறாமல் ரசிகர்கள் வருகிறார்கள். கறுப்புச் சட்டை, கனமான பூட்ஸ். வேலியோரப் பாத்தியில் நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். பூட்ஸுக்கடியில் இர்ம்கார்டின் பீன்ஸ் இருக்கும்.

சங்கத்தின் சட்டம் தெளிவானது. மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காயோ பழமோ இருக்க வேண்டும். ஜூன் முதல் சனிக்கிழமை சோதனை. போன வருஷம் மிதிபட்டதால் ஒரு எச்சரிக்கை. அதற்கு முந்தின வருஷம் லோதார் பாத்தி முழுக்கச் செம்புக் கம்பி இழுத்து வைத்திருந்ததால் ஒன்று. மூன்றாவது வந்தால் குத்தகை போய்விடும். குத்தகைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நடந்தபடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

இப்போதைய தலைவர், கிழவர் ப்ரெமருடைய மகன். மடக்கு அளவுகோல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மே கடைசியில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஃப்ராவ் வீஸ்மன், பாத்தி இந்தத் தடவை நல்லா வந்திருக்கு போல."

"ஆமா ஹெர் ப்ரெமர். ஒரு சாண் வந்துடுச்சு."

நாற்பது வருஷமாகப் பக்கத்துத் தோட்டம். இன்னும் ஐயா, அம்மா என்பது போல ஹெர், ஃப்ராவ்தான். அவசரப்பட்டு நெருங்குவது அங்கே வழக்கமில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் காப்பாத்துங்க. உங்க வீட்டுக்காரரோட கூட்டத்த கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. உலகப் புகழெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. நான் அளக்குறது நிலத்த."

"அவரையும் சேர்த்து அளந்து பாருங்களேன். மூணுல ஒரு பங்குகூட தேற மாட்டாரு."

ப்ரெமர் சிரிக்கவில்லை. வேலிச் செடியின் உயரத்தை அளந்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே நினைவுச் சின்னத் துறையிலிருந்து டாக்டர் ஃபைட் வந்தாள். நாற்பது வயதிருக்கும். ருபார்ப் கேக்கை முட்கரண்டியால் நாலு துண்டாக வெட்டி, சாப்பிடாமல் வைத்துக்கொண்டு பேசினாள். குடிசையும் பாத்தியும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டனவாம். எல்லாம் எழுபத்து நாலில் இருந்தபடி இருக்க வேண்டும்.

"இருந்தபடின்னா?" என்றாள் இர்ம்கார்ட்.

"அட்டைப் படத்துல இருக்குறபடி. வெறும் நிலம். வெடிப்போட."

"அப்போ என் பீன்ஸ்?"

"படத்துல பீன்ஸ் இல்லையேம்மா. சனிக்கிழம எங்க ஆளுங்க வந்து எடுத்துடுவாங்க. நீங்க சிரமப்பட வேண்டாம்."

"அன்னிக்குத்தான் சங்கத்துல சோதனைக்கு வர்றாங்க. பாத்தி காலியா இருந்தா எங்கள வெளிய அனுப்பிடுவாங்க."

"அது குத்தகை விவகாரம். எங்க துறை இல்ல." டாக்டர் ஃபைட் லோதார் பக்கம் திரும்பினாள். "அந்த வெறுமை இருக்கே சார், அத முதல்முதலா கேட்டப்போ நான் அழுதேன்."

லோதார் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார். அழுதேன் என்று யாராவது சொன்னால் அப்படிச் சாய்ப்பார்.

அவள் போனதும் இர்ம்கார்ட் தட்டுகளை எடுத்தாள்.

"லோதார், அது வெறும் நிலம் இல்ல. நான் வெதச்ச பாத்தி. மொளைக்கல, ஏன்னா நீ தண்ணி ஊத்தல. அத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. பாத்தி பொழச்சுக்கும்."

"எப்படிச் சொல்றது இர்மா?"

"வாயாலதான்."

"அம்பது வருஷமா பேட்டி குடுத்திருக்கேன். வெறுமையத் தேடிப் போனேன்னு சொல்லியிருக்கேன். ஜப்பான்ல புஸ்தகமே வந்திருக்கு. இப்போ போய், மறந்துட்டேன், பீன்ஸ் செத்துப்போச்சுன்னா?"

"செத்துத்தானே போச்சு?"

"ஒனக்குக் கலை புரியாது."

"எனக்குப் புரியாததுனாலதான் உனக்கு அது பண்ண நேரம் கெடச்சுது."

அவர் குடிசைக்குள் போய்ச் சத்தப் பெட்டியைப் போட்டுவிட்டார். குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு தாண்டி ப்ரெமர் அளவுகோலோடு ஒரு வாசலில் நுழைந்தார். மறு வாசலில் டாக்டர் ஃபைட், கையுறை போட்ட இரண்டு ஆட்களோடு. அவர்கள் கையில் சிறிய மண்வெட்டிகளும், பிடுங்கும் செடிகளைப் போட்டுவைக்க எண் ஒட்டிய உறைகளும் இருந்தன. இர்ம்கார்ட் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், பாத்தியின் மேல் நின்றாள்.

"செடியத் தொட்டா குத்தகை ரத்து," என்றார் ப்ரெமர்.

"செடி இருந்தா சட்ட மீறல். அபராதம்," என்றாள் டாக்டர் ஃபைட்.

"எங்க சட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுலேர்ந்து இருக்கு."

"எங்களுது மாநிலச் சட்டம்."

"மாநிலத்துக்கு வெங்காயம் வெளைய வைக்கத் தெரியுமா?" ப்ரெமரின் குரல் ஏறியது.

அப்போது தேவாலய மணி ஒன்று அடித்தது. இர்ம்கார்ட் விரலை உதட்டில் வைத்தாள். "ஹெர் ப்ரெமர். அமைதி நேரம்."

ப்ரெமர் சட்டென்று வாயை மூடினார். டாக்டர் ஃபைட்டும் அறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அதற்குமேல் சண்டை முழுவதும் கிசுகிசுப்பில் நடந்தது. இரண்டு பேரும் கழுத்து நரம்பு புடைக்க, கோயிலில் பேசுகிறவர்கள் மாதிரி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கையுறைக்காரர்கள் கால் விரல் நுனியில் நின்றார்கள்.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்று கிசுகிசுத்தாள் இர்ம்கார்ட். "எழுபத்து நாலுல இந்தப் பாத்தி காலியா இல்ல. பீன்ஸ் வெதச்சிருந்தது. படம் எடுத்தப்போ வெத உள்ள இருந்துச்சு."

டாக்டர் ஃபைட்டின் முகம் மாறியது. ஆனால் இர்ம்கார்டைப் பார்க்கவில்லை; குடிசை வாசலில் நின்ற லோதார் பக்கம் திரும்பினாள். "சார், உண்மையா? தரிசுக்கு அடியில விதை இருந்ததா?"

எல்லோரும் லோதாரைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் பேசவில்லை. டாக்டர் ஃபைட் கண்ணை மூடி அந்த மௌனத்தைக் கேட்டாள். அது இரண்டாம் பக்கத்து மௌனம் மாதிரியே இருந்திருக்க வேண்டும். இர்ம்கார்டுக்கு அவர் முகம் தெரியும். பியானோ மூடியைத் திறக்கப்போகும் முகம் அது.

"ஆமா," என்று கிசுகிசுத்தார் லோதார். "வெதச்சிருந்தேன்."

"நீங்களா?"

"நான்தான். மொளைக்காத வெத. அதுதான் தரிசு. வெளிய வெறுமை, உள்ளுக்குள்ள காத்துக்கிட்டு இருக்குற உயிர். இத்தன நாளா இத யாரும் கேக்கல."

டாக்டர் ஃபைட் மறுபடி அழத் தயாரானாள்.

தங்கைக்கு வலி வந்த அன்றைக்கு முழங்காலில் மண் ஒட்ட உட்கார்ந்து ஒவ்வொரு விதையாக இர்ம்கார்ட் அழுத்திய பாத்தி அது. வாயைத் திறந்தாள். காலடியில் பீன்ஸ் கொழுந்து செருப்பில் உரசிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ வருஷா வருஷம் விதைக்கணும்," என்றாள் டாக்டர் ஃபைட், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுதான் மூல நிலை."

"வெதச்ச நிலம் பயிர் நிலம்தான்," என்று ப்ரெமர் யோசித்தார். "அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா தண்ணி ஊத்தாம காய விட்டா பராமரிப்பு இல்லன்னு எச்சரிக்கை குடுப்பேன்."

டாக்டர் ஃபைட் தயங்கினாள். "அன்னிக்குத் தண்ணி ஊத்தினாங்களா இல்லையான்னு தெரியணுமே."

இர்ம்கார்ட் புன்னகை செய்தாள். அவள் சிரித்து ப்ரெமர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஊத்தாம? தினமும் ஊத்தினாரு. வெதச்சவருக்குத் தெரியாதா? குழாய் கிழாய் கிடையாது, ஆகாது. அந்தக் கோடியில இருக்குற தொட்டியில மொண்டு, ரெண்டு பூவாளி, கையாலயே தூக்கிட்டு வருவாரு. தினம் சாயங்காலம். இல்லையா லோதார்?"

லோதார் அவளைப் பார்த்தார். தொட்டி இருக்கும் தூரத்தைப் பார்த்தார். கையுறைக்காரர்களில் ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றார்.

"அப்படின்னா தண்ணி தூக்குறதும் படைப்போட பகுதி," என்றாள் டாக்டர் ஃபைட். "சார், உங்களால முடியிற வரைக்கும் நீங்களே செஞ்சா நல்லது. அதுதான் அசல்."

தினமும் தண்ணீர் ஊற்றியும் ஏன் முளைக்கவில்லை என்று ப்ரெமர் கேட்டார். அதில்தான் படைப்பின் புதிர் இருக்கிறது என்று அவருக்கு விளக்கப்பட்டது. அவர் பாத்தியை அளந்தார். மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு விரல்கடை கூடவே இருந்தது.

இலையுதிர் காலத்துக்குள் வேலியில் ஒரு பித்தளைப் பலகை வந்துவிட்டது. லோதார் வீஸ்மன் இங்கே பீன்ஸ் விதைத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. மறுவருஷக் கோடையில் டெட்ராய்ட்டில் ஒரு குழு முதல் தடவையாகத் தத்தம் பால்கனிகளில் பீன்ஸ் விதைத்து, அது முளைக்காமல் பார்த்துக்கொண்டது. ஒசாகாக்காரர் ஒருவர் பூவாளியின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்.

மாலையானால் ரசிகர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். பாத்திக்குள் கால் வைக்க இப்போது யாருக்கும் அனுமதி இல்லை; மாநிலச் சட்டம். லோதார் இரண்டு பூவாளிகளையும் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொட்டிக்கும் பாத்திக்குமாக நடக்கிறார். பீன்ஸ் அவர் இடுப்புக்கு மேலே கொடி விட்டிருக்கிறது. அது முளைத்ததைப் பற்றி நினைவுச் சின்னத் துறை இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஒரு குழு அமைத்திருக்கிறார்கள்.

அட்டைப் படத்தில் இருக்கும் அதே நாற்காலியில் இர்ம்கார்ட் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு கிண்ணம். இரவுக்குப் பன்றிக்கொழுப்பில் வதக்க பீன்ஸின் முனையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"லோதார்," என்கிறாள், தலை நிமிராமல். "அந்த மூலைக்கு ஊத்தல."