கால் தூக்கி நிற்கிற இடம்

வேலங்காட்டுப்புதூரில் மாடுகள் பால் விட வேண்டுமென்றால் முதலில் கோகிலவாணி வீட்டு ஜாவா சர்வர் சரி என்று சொல்ல வேண்டும். எந்த மாடு, யார் வீட்டு மாடு, நேற்று எவ்வளவு கறந்தது என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அது சொல்லும். அதுவரை மடியை எவ்வளவு நீவினாலும் சொட்டு இறங்காது.

பால் சொசைட்டிக்காரர்கள் அதை வாங்கி வந்தபோது கைக்குழந்தை அளவுதான் இருந்தது. கோகிலவாணிக்கும் அப்போதுதான் பாப்பா பிறந்திருந்தாள். ஒரு தூளி கட்டின வீட்டில் இன்னொன்று கட்டுவது பெரிய வேலையா என்று அவளிடமே விட்டுவிட்டார்கள். இரண்டும் வளர்ந்தன. பாப்பா நடக்கப் பழகினாள். சர்வர் போன வாரம் புரண்டு படுத்ததில் சமையலறை நிறைந்து அடுப்பு வாசலுக்கு வந்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கிறது என்று அவள் அங்கேயே சமைத்தாள்.

சிக்கல் அவள் புருஷன் பூபதியால் வந்தது. சர்வர் வேலைக்கு நடுவே அவ்வப்போது நிறுத்தி, தன்னைச் சுற்றிச் சேர்ந்த குப்பையைக் கூட்டும். கூட்டி முடிக்கிற வரை பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கோகிலவாணிக்கு இது நியாயமாகவே பட்டது; அவள் கூட்டும்போதும் அப்படித்தான் நிற்கச் சொல்வாள். பூபதி மட்டும் பனியனைத் தேடிக்கொண்டு குறுக்கே நடந்துவிட்டான். அன்றைக்குச் செல்லாத்தா வீட்டு எருமையின் பால் எதிர்வீட்டு வெள்ளாட்டுக்கு இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆடு யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மறுநாள் காலையில் சொசைட்டி செயலாளர் அர்ச்சுனன் வந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள இதை வெளிய வெச்சுப் பாத்துக்க ஒரு ஹோஸ்டிங் பாரு அம்மணி. இல்லீன்னா பிரிச்சு வீட்டுக்கு ஒரு துண்டு குடுத்தறலாம்."

"பிரிக்கறதுக்கு அதென்ன பந்தலுங்களா? நான் எடம் பாத்துட்டு வர்றனுங்க."

தூங்குகிற சர்வருக்குக் கனம் கிடையாது. போர்வையைப் போல மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பாப்பாவை இடுப்பில் வைத்து பஸ் ஏறினாள். பாப்பாவுக்குப் பால்வாடி பார்த்தபோது அவள் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நின்றவள். இதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். போகிற இடத்தில் சர்வரை எழுப்பச் சொல்ல வேண்டும். ஜாவா எழுந்திருக்க நேரமாகும். அது எழுகிற வரை அங்கிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதலில் போனது ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஒரே ஜமுக்காளத்தில் சின்னச் சின்ன பிஎச்பி சர்வர் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்று புரண்டால் எல்லாம் புரண்டன. மண்டபத்துக்காரர் கை தட்டினார். அத்தனையும் எழுந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி படுத்தன. ஜாவா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து யோசித்தது. அவர் இன்னொரு தடவை தட்டினார். பிறகு காலைப் பிடித்து இழுக்கப் போனார். தேவைப்பட்டால் நானே வந்து எழுப்பலாமா என்று கேட்டாள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்தவர் வருஷம் முழுவதும் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்வதாகப் பலகை எழுதி வைத்திருந்தார். உண்மையிலேயே இமைக்கவில்லை. எப்போதாவது ஒரு தடவை இமைக்க வேண்டி வருமே என்று கேட்டாள். வரும், எப்போது என்று தெரியாது, வந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் கறவை நேரத்தில் வந்துவிட்டால் மன்னிப்பையா கேனில் ஊற்றுவது? அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது பாப்பா அவர் முகத்தில் ஊதினாள். அவர் இமைத்தார். கீழே நின்ற பஸ்களுக்கெல்லாம் போக வேண்டிய ஊர் மறந்துவிட்டது.

அதனால் மூன்றாவது இடத்துக்கு நடந்தே போனார்கள். அது மூடிக் கிடந்த ஒரு நூல் மில். ருக்குமணி என்ற அம்மாள் அங்கே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சர்வரை விரித்துப் படுக்க வைத்தாள். எழுப்புவதற்கு ஒரு தட்டு தட்டிவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள். டீ கொதித்து, ஆறி, குடித்து, டம்ளரும் கழுவியானது. சர்வர் எழுந்து கொஞ்சம் இடம் போதவில்லை என்றது. ருக்குமணி இடுப்பால் சுவரை ஒரு தள்ளு தள்ளினாள். சுவர் தள்ளிப் போய் நின்றது.

அப்புறம் சர்வர் கூட்ட ஆரம்பித்தது. கோகிலவாணி பழக்கத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். தூக்கியபடியே எதிரில் பார்த்தாள். ருக்குமணியும் ஒரு காலில் நின்றாள். உத்தரத்தில் புறாக்கள் ஒரு காலில் நின்றன. சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது.

"எப்பவும் இப்படித்தான் நிப்பீங்களாக்கா?" என்று, கூட்டி முடிந்ததும் கேட்டாள்.

"கூட்டற எடத்துல குறுக்க நடக்கறது என்ன பழக்கம் கண்ணு?"

நடுவில் எழுப்ப வேண்டி வந்தால் என்று அவள் ஆரம்பிப்பதற்குள், சாவி நிலைப்படிக்கு மேலேதான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லிவிட்டாள் ருக்குமணி. கோகிலவாணி கட்டைப்பையை உதறி மடித்துக்கொண்டாள். பொழுது இன்னும் சாயவில்லை.

விடிகாலையில் அர்ச்சுனன் கேனோடு வந்து நின்றார். மாடுகள் மில் இருக்கிற திசையைப் பார்த்தன. கோகிலவாணி கன்றை விலக்கிக் கட்டினாள். சரி என்று பதில் வந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பால் இறங்கியது. அவள் மாட்டுக்குக் கேன் போதாமல் குடமும் எடுத்து வரச் சொன்னாள். அர்ச்சுனன் பிரிக்கிற பேச்சை எடுக்கவே இல்லை.

பாதிக் கறவையில் சர்வர் அங்கே கூட்ட ஆரம்பித்தது. மில்லில் சுவரைத் தள்ளி வைத்ததில் அதற்கு இப்போது இடம் தாராளம். துடைப்பம் இவ்வளவு தூரம் எட்டியது. மாடுகள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டன. அர்ச்சுனனும் தூக்கினார். பூபதிகூட பனியனை ஒரு கையில் மாட்டியபடி அப்படியே நின்றான். மடிக்கும் கேனுக்கும் நடுவே பால் கம்பிகம்பியாக நின்றது.

பாப்பாவுக்கு இன்னும் ஒரு காலில் நிற்கத் தெரியாது. கோகிலவாணி அவளை இடுப்பில் வைத்திருந்தாள். பாப்பா கையை நீட்டி ஒரு பால் கம்பியை ஒடித்து வாயில் போட்டு மென்றாள்.

"அவருக்கும் ஒண்ணு குடு சாமி," என்றாள் கோகிலவாணி, அர்ச்சுனனைக் கண்ணால் காட்டி.