பஞ்சு அடைத்த கேசட்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்றைக்கு ஆஸிமின் உம்மா ஆயிஷாவிடம் நான் போட்ட கூச்சல் தரங்கம்பாடிக் கடைத்தெரு வரை கேட்டிருக்கும்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க! எங்க பாட்டு எங்கம்மா?"

சபரியாகிய நான் கிட்டார், முருகையன் தபலா, ஆஸிம் குரல். எங்கள் பாட்டுகளை ஜெய்னுலாபுதீன் கேசட் கடையின் பின்னறையில்தான் பதிவு செய்தோம். பக்கத்து அறையில் அவருடைய பேத்தி, கைக்குழந்தை, தூங்கும். எழுப்பினால் விரட்டிவிடுவார். அதனால் ஆஸிம் மெல்லப் பாடினான். அந்தக் குரலில் எங்கிருந்துதான் அத்தனை துக்கம் வந்ததோ! "இது பாட்டா, இழவு வீட்டு முனகலா?" என்று ஊர் சிரித்தது. விற்காத பிரதிகளை அழித்து, சினிமாப் பாட்டு ஏற்றி விற்றுவிட்டார் ஜெய்னுலாபுதீன், மகராசன். முருகையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். ஆஸிம் சவுதிக்குப் போனான். மூலக் கேசட் மட்டும் அவன் வீட்டில் இருந்தது.

இப்போது மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் எங்கள் பாட்டு ஒன்றை எங்கோ கேட்டுவிட்டு, மூலத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எனக்கும் சவுதி விசா வந்துவிட்டது. மெட்ராஸ்காரர் எடுத்துக்கொண்டால் கிட்டாரோடு இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை விமானம். ஆயிஷாம்மா தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்த கேசட்டைப் போட்டால், உள்ளே அவரே பேசுகிறார்: "ஆஸிமு, நேரத்துக்குச் சாப்பிடுறியாப்பா?"

"அழியக் கூடாதுன்னுதானேம்மா முதுகுல இருந்த பிளாஸ்டிக்கை உடைச்சு வச்சோம்!"

"ஓட்டையில பஞ்சு அடைச்சேன் தம்பி, பதிவாயிடுச்சு. எல்லா வீட்லயும் அப்படித்தானே பண்றோம்."

உண்மைதான். கடிதம் எழுதத் தெரியாத வீடுகளில் கையில் கிடைத்த கேசட்டில் பேசி, லீவு முடிந்து சவுதிக்குத் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். அதே கேசட்டில் பதில் வரும். நான் மறுபக்கத்தைத் திருப்பினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் வேணாம் தம்பி."

கேட்கிற நிலையிலா இருந்தேன்? போட்டேன். ஆஸிம் பேசினான்.

"உம்மா, பாட்டு அழிஞ்சதை நினைச்சுக் கவலைப்படாதீங்க. இந்தப் பக்கத்துலயும் நீங்க கொஞ்சம் பேசியிருந்தீங்கல்ல, அந்த இடத்துமேலதான் பேசுறேன், மிச்சப் பாட்டைத் தொடல. சபரியும் விசாவுக்குச் சொல்லியிருக்கானாமே? வர வேணாம்னு சொல்லுங்க. இங்க சிமெண்ட் மூட்டை தூக்குற வேலைதான். ரூம்ல பாடினா திட்டுறாங்க, நான் பாடுறதையே விட்டுட்டேன். அவனாச்சும் வாசிக்கட்டும். மறக்காம சொல்லுங்கும்மா."

அதன் பிறகு எங்கள் கடைசிப் பாட்டின் பாதி ஓடியது. குழந்தையை எழுப்பிவிடுவோமோ என்று பயந்து பயந்து நான் தந்தியைத் தொட்டது கூடக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"நோன்புக்கு முன்னாடி."

பெருநாளே முடிந்துவிட்டது. விசாவுக்கு நான் அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவர் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "சொன்னா நீ போக மாட்டியேப்பா. எம்புள்ள அங்க தனியாக் கிடக்கான். நீ போனா பக்கத்துல ஒரு ஆளு இருக்கும்னு..."

அந்த டேப்ரிக்கார்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பெற்ற வயிறு, என்ன சொல்லித் திட்டுவது? பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு மெட்ராஸில் என்ன கேட்பது? அப்பாவின் படகு கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்து வருஷமாகிறது. திங்கட்கிழமை போய்த்தான் ஆக வேண்டும்.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

"நீங்க பேசின பக்கத்துலயே பேசுங்கம்மா, நானே கொண்டு போறேன். பாட்டை மட்டும் தொடாதீங்க."

அவர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார்.

"உன்னைப் பார்த்ததும் கேப்பானே தம்பி, உம்மா சொல்லலையான்னு. என்ன சொல்லுவே?"

"நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கலன்னு சொல்றேன்."