ஆயில் பேனுக்குப் பதினோரு அழைப்புகள்

1

ஒரு ஃபோனை எதிர்முனையில் யாரும் எடுக்காததால் பிறந்த கதை இது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஆர்டர் படிவத்தில் இருந்த ஒரு நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். மணி முழுக்க அடித்து ஓய்கிறது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுகிறேன். அந்த இடைவெளிகளில், பழைய படிவங்களின் பின்பக்கத்தில், இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது: 'மனைவியை இழந்த ஒரு பஸ் டிரைவர், அவள் நினைவாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டத் தொடங்கினார். அந்தக் காரின் நிறம் அவளுடைய'

கோடு போட்டு அடித்துவிட்டேன். அவருக்கு மனைவி இருக்கிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. பதினோரு தடவை பேசியிருக்கிறோம். நான் கேட்டதெல்லாம் மில்லிமீட்டர்தான்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ரிட்டயர்டு பஸ் டிரைவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலை வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் தனியாகக் கட்டுகிறார். எஞ்சின் ஒரு வேனிலிருந்து கழற்றியது. வேனுக்குத் தரையிலிருந்து நல்ல உயரம், இந்தக் காருக்கு அது இல்லை. அதனால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தட்டு, அதாவது ஆயில் பேன், ஃப்ரேமுக்குக் கீழே இரண்டு விரல் தொங்கியது. முதல் வேகத்தடையிலேயே கிழிந்துவிடும்.

3

எங்களிடம் மூன்று பேன் இருந்தன. ஒன்று ஆழமானது. ஒன்று ஆழம் குறைவு, ஆனால் எண்ணெயும் குறைவாகத்தான் பிடிக்கும். மூன்றாவது ஆழம் குறைந்து அகலத்தில் விரிந்தது. வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிடாமல் உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு.

அவருக்கு வேண்டியது மூன்றாவது. முதல் அழைப்பின் மூன்றாவது நிமிடத்திலேயே எனக்கு அது தெரியும்.

(இந்த வரியை இன்னும் கொஞ்சம் தள்ளி, கதையின் நடுவில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறைக்கத் தெம்பில்லை.)

நான் சொல்லவில்லை. ஃப்ரேமிலிருந்து தரை எவ்வளவு என்று அளந்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். மறுநாள் அளவோடு கூப்பிட்டார். குறுக்குச் சட்டம் எங்கே வருகிறது என்று கேட்டேன். அதற்கடுத்த நாள் அதையும் சொன்னார். அது வரைக்கும் நியாயமான கேள்விகள். நான்காவது அழைப்பிலிருந்து கேட்டதெல்லாம் சும்மா. போல்ட் ஓட்டைகளை எண்ணச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். மனிதர் முகம் சுளிக்காமல் எண்ணினார். சுளித்தாரா என்று எனக்கெப்படித் தெரியும், ஃபோன்தானே. குரல் சுளிக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? இங்கே என் அறையை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன்: ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர், எதிர்வீட்டு டிவியின் சத்தம். கிழித்துப் போட்டேன். தனியாக இருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். நாள் பூராவும் கடை ஃபோன் அடிக்கும், எல்லாருக்கும் சாமான்தான் வேண்டும். இவர் ஒருத்தர்தான் ஃபோனை வைப்பதற்கு முன்னால், "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார்.

4

(மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.)

5

ஒன்பதாவது அழைப்பில் அவர் ஒன்று சொன்னார். அதை மட்டும் நான் ஜோடிக்கவில்லை.

"முப்பது வருஷம் ஓட்டினேன் சார். ஏறுன ஜனம் அத்தனையும் என் முதுகைத்தான் பாத்துச்சு. இதுல ரெண்டே சீட்டு. ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து வருவாங்க."

யாரை உட்கார வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல எழுத்தாளன் கேட்டிருப்பான். நான், "ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் எந்தப் பக்கம்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

பத்தாவது அழைப்பில் கேள்வி தீர்ந்துபோனது. மூன்றாவது பேனைச் சொன்னேன், அனுப்பிவைத்தோம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் கைவசம் வைத்துக்கொண்டேன். இன்னொரு அழைப்புக்கு ஒரு சாக்கு வேண்டாமா?

அது இதுதான். பேன் மாறினால், அதிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாயும் மாற வேண்டும். பழைய குழாய் பழைய ஆழத்துக்குச் செய்தது. புதிய பேனில் அதன் வாய் அடித்தகட்டைத் தொட்டுவிடும். குழாய் மெல்லியது, அழுத்தி போல்ட் போட்டால் வளைந்து கொடுத்து உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் மேலே ஏறாது. சில நிமிடத்தில் உள்ளே எல்லாம் உரசி, பிடித்து, நின்றுபோகும். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஸ்ட்ரெய்னர் வாயில் ஒரு உருண்டை களிமண்ணை ஒட்டி, பேனை மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் இருந்தால் சரி.

பேன் கைக்கு வந்ததும் எப்படி மாட்டுவது என்று கேட்பார், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

6

பதினோராவது அழைப்பு, நேற்று.

"மூடிட்டேன் சார். அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஸ்டார்ட் பண்றேன். நீங்க வாங்களேன். நீங்க இல்லாம எனக்கு இது ஆகியிருக்காது."

"இல்லண்ணே, வேலை இருக்கு."

களிமண் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஏன் முன்னமே சொல்லவில்லை என்பார். காரணத்தைச் சொன்னால் போல்ட் ஓட்டைகளையும் சொல்ல வேண்டிவரும். மென்று முழுங்கிவிட்டேன். அவர், "பரவால்ல சார், இன்னொரு நாள்" என்று வைத்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

7

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்துவிட்டார். அந்தச் சத்தத்தில் ஃபோன் கேட்கவில்லை. (இதை எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் ஆவதற்கு முன்பே மறுபடி அடித்தேன்.)

ஃபோனை வீட்டுக்குள் வைத்துவிட்டு ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

என்னைவிடக் கெட்டிக்காரர், களிமண் வைத்து எப்போதோ பார்த்துவிட்டார். கூப்பிட்டுச் சொல்கிறார்: "எல்லாம் தெரியும் சார். ஓட்டையை ரெண்டாவது தடவை எண்ணச் சொன்னப்பவே தெரியும். எனக்கும் பேச ஆள் வேணும்ல."

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனால்தான் இதை நம்ப முடியவில்லை. அந்த வசனம் என்னுடையது. அவர் அப்படியெல்லாம் பேசியதில்லை.

8

மணி ஒன்பதே முக்கால். படிவத்தில் நம்பருக்குக் கீழேயே விலாசம் இருக்கிறது. இத்தனை நேரமும் கண்ணெதிரே இருந்தது. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். கதையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நம்பரை உங்களிடம் விட்டுப் போகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியுங்கள். எடுத்தால் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், களிமண் விஷயத்தையும் சொல்லுங்கள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டால் பூசி மெழுக வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

அதற்கப்புறமும் ஃபோனை வைக்காமல் இருந்தால், பக்கத்து சீட்டுக்கு ஆள் கிளம்பிவிட்டது என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதை என்னிடம் சொல்லாதீர்கள். பஸ்ஸில் ஏறியிருப்பேன்.