கேன் சார்

புட் ஆஃப்னா தள்ளிப்போடுறது. இதைத் தெரிஞ்சுக்க நான் இங்கிலீஷ் கிளாசுக்குப் போயிருக்கவே வேணாம். என் லீவைக் கம்பெனியில தை மாசம் தள்ளிப்போட்டாங்க, சித்திரையில தள்ளிப்போட்டாங்க, இப்ப ஆவணி பொறந்தாச்சு. பாடம் எனக்கு எப்பவோ ஆயிடுச்சு, அதுக்குப் பேருதான் தெரியாம இருந்துச்சு.

நான் அழகேசன். சிங்கப்பூர்ல துவாஸ்ங்கிற இடத்துல ஒரு கப்பல் யார்டுல, கப்பலைச் சுத்திச் சாரம் கட்டுற கேங்குக்கு லீடர். வாரத்துல ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஞாயித்துக்கிழமையும் துணியைத் துவைச்சுப் போட்டுட்டு, டார்மெட்டரியில இருந்து பஸ் புடிச்சு, பூன் லேயில ரயில் ஏறி, கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கி, லிட்டில் இந்தியாவுக்கு வந்து இங்கிலீஷ் படிக்கிறேன். சூப்பர்வைசர் ஆகணும்னா வாயைத் தொறந்து பேசணுமாம். தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்துல, மசாலா அரைக்கிற கடைக்கு மேல ஒரு மாடி ரூம். உடம்பு எங்க உக்காந்தாலும் சரியுற வயசாச்சு எனக்கு. அந்த ரூம்ல ஏசி வேற.

டீச்சர் பேரு சாதியா. இங்கேயே ஈசூன்ல பொறந்து வளர்ந்த பொண்ணு. வாரம் பூரா ஏதோ ஆபீசுல வேலை, ஞாயித்துக்கிழமை எங்களுக்குச் சும்மா வந்து சொல்லிக் குடுக்குது. அதுக்கும் அலுப்புதான். கொட்டாவி வந்தா போர்டு பக்கம் திரும்பிக்கும், எங்களுக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

இப்ப கொஞ்ச நாளா இந்த வால் வெச்ச வார்த்தைங்கதான் பாடம். லுக்னா பார்க்கிறது. பின்னாடி ஆஃப்டர்னு ஒட்டுனா பார்த்துக்கிறது. கிவ்னா குடுக்கிறது. அப்னு ஒண்ணை ஒட்டிட்டா யாருக்கும் ஒண்ணும் குடுக்கிறதில்லை, போதும்டா சாமின்னு விட்டுடறது. எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ! எரிச்சலா வந்துச்சு, கேட்டே புட்டேன். தமிழ்லயும் போடு வேற, தள்ளிப்போடு வேறதானே அண்ணே, அதே கதைதான் லான்னு, இந்த ஊரு வாலையும் ஒட்டி அந்தப் பொண்ணு சிரிச்சுது. நானும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

போன வாரம், புத்தகத்துல இருக்கிறதை ஒப்பிக்க வேணாம், உங்க பொழப்புல இருந்து ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கன்னுச்சு. மருதப்பன் எந்திரிச்சு, மார்னிங் கெட் அப், கெட் ஆன் லாரி, ஈவ்னிங் கெட் ஆஃப் லாரின்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். அவன் பொழப்பு அதோட முடிஞ்சிருச்சு. நாகூர் கனி பாய், ஐ லுக் ஆஃப்டர் த்ரீ சிஸ்டர் மேரேஜ்ன்னாரு. ஆளைத்தான் லுக் ஆஃப்டர் பண்ணலாம், கல்யாணத்தை அப்படிச் சொல்றதில்லைன்னு டீச்சர் திருத்துச்சு. நீங்க ஒரு கல்யாணம் பண்ணிப் பாருங்க டீச்சர்னு பாய் முணுமுணுத்தாரு.

என் முறை வந்துச்சு. மை கம்பெனி புட் ஆஃப் மை லீவ், மை வைஃப் புட் ஆஃப் ஆபரேஷன்னு சொன்னேன். வெரி குட்னு சொல்லிட்டு எழுதத் திரும்புன பொண்ணு, அப்படியே நின்னுடுச்சு. என்ன ஆபரேஷன்னு கேட்டுச்சு.

எல்லார் முன்னாடியும் சொல்ற விஷயமா அது? ஆனா சொன்னேன். என் சம்சாரம் பாப்பாத்திக்கு ஒரு வருஷமா ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தாகணும்னு புதுக்கோட்டையில டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் பக்கத்துல இருந்தாத்தான் படுப்பேன்னு அவ பிடிவாதம். அதனால என் லீவு தள்ளிப்போன போதெல்லாம் அவளும் தள்ளிப்போட்டா. இப்ப ரத்தம் ரொம்பக் கொறைஞ்சு போச்சு, வர்ற வெள்ளிக்கிழமைக்கு மேல முடியாதுன்னு டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க.

டீச்சர் வேற பாடம் நடத்தலை. மேனேஜர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க அண்ணேன்னு ஒரு வரியைச் சொல்லிக் குடுத்துச்சு. சார், ஐ கேனாட் புட் இட் ஆஃப். ரயில்ல அதையே சொல்லிக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிடுச்சு.

எங்க யார்டுல ஒரு பழக்கம். காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு, இன்னிக்கு என்ன வேலை, எங்க ஆபத்துன்னு சொல்லுவாங்க. கடைசியில, முடியுமாங்கிறதுக்கு, கேன்? அப்படின்னு கேட்பாங்க. புரியலைன்னாலும், முடியலைன்னாலும், காய்ச்சல் அடிச்சாலும், அத்தனை பேரும் ஒரே குரல்ல கேன் சார்! முடியாதுன்னு சொன்ன ஆளுங்களுக்கு வேலை பெர்மிட்டை நீட்டிச்சு நான் பார்த்ததில்லை. அதனால கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும், வாய் பழகிப்போச்சு.

திங்கக்கிழமை எங்க மேனேஜர் மிஸ்டர் கோ என்னைக் கூப்பிட்டாரு. கப்பல் இன்னும் ரெடியாகலை, லீவை இந்தத் தடவையும் விட்டுட்டு இன்னும் ரெண்டு வாரம் கேரி ஆன் பண்ணு, கேன்? அப்படின்னாரு.

"கேன் சார்."

நான்தான் சொன்னேன். வெளியில வந்து, படிச்ச வரி நாக்குல அப்படியே இருக்க, திரும்ப வேலைக்கு நடந்தேன். என் மேலேயே அவ்வளவு வெறுப்பு.

சாப்பாட்டு நேரத்துல பாப்பாத்திக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்றதுன்னு இழுத்தேன். நான் முடிக்கிறதுக்குள்ள அவளே பேசிட்டா.

"முடியும்ங்க. பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா கூட இருக்கேன்னுச்சு. நான் பார்த்துக்கிறேன், நீங்க வேலையைப் பாருங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். காலையில என் வாயில வந்ததும் அதே குரல்தான். கேள்வி முடியறதுக்குள்ள வர்ற பதில். இத்தனை வருஷமா நான் இங்க யாருக்கோ சொன்னதை அவ அங்க எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா, நானும் சரி சரின்னு போனை வெச்சிருக்கேன்.  சோத்துப் பொட்டலத்தை அப்படியே மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சேன்.

மேனேஜர் மேசையில நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"சார், ஐ கேனாட் புட் இட் ஆஃப்."

மார்னிங் யூ சே கேன் வாட், காலையில சரின்னியே, அப்படின்னாரு.

"தட் ஒன் ஹேபிட், சார்."

குச்சியைக் கீழ வெச்சாரு. தெரிஞ்ச இங்கிலீஷ்ல பாப்பாத்தி விஷயத்தைச் சொன்னேன், வாலும் தலையும் மாறித்தான் வந்திருக்கும். முன்னாடியெல்லாம் ஏன் சொல்லலைன்னு கேட்டாரு.  அப்புறம், சரி, ஊருக்குக் கிளம்புன்னு சொன்னாரு. அடுத்த வருஷம் பெர்மிட் என்ன ஆகும்னு அவரும் சொல்லலை, நானும் கேட்கலை.

வெள்ளிக்கிழமை காலையில நான் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தப்ப, ஆஸ்பத்திரிக்காரங்க பாப்பாத்திக்குப் பச்சைத் துணியைப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. பயமா இருக்கான்னு கேட்டேன். இல்லைங்க, முடியும்னு ஆரம்பிச்சா. இந்தத் தடவை நான் சரின்னு போகாம நின்னேன். கொஞ்ச நேரம் மேல ஓடுற ஃபேனையே பார்த்தா.

"பயமா இருக்குங்க"ன்னு சொல்லிட்டு, என் கையைப் புடிச்சுக்கிட்டா.