தலை உயரத்தில் ஆணிகள்

விழுந்த மரத்தை அறுக்கக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் முதல் பொய், "ஆணியே இல்லம்மா" என்பது. விளம்பரத் தகரம் அடித்த வேம்புக்கும் சொல்வார்கள். மாடு கட்டக் கொக்கி அடித்த பூவரசுக்கும் சொல்வார்கள். நம்பி ஏற்றினால் வாள் போய்விடும். இரண்டு சக்கரத்தில் நாடா போல ஓடுகிற வாள் அது. ஆணியில் பட்டால் பல் தெறிக்கும். கெட்ட நேரமென்றால் அறுந்து சாட்டை மாதிரி வெளியே வரும். அது வருகிற பக்கத்தில் நிற்பவன் என் அண்ணன் சரவணகுமார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கிறது எங்கள் மில். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அதனால் போனை எடுப்பதும், ஜிஎஸ்டி போடுவதும், வருகிறவர்களின் பொய்யைப் பிடிப்பதும் என் வேலை. அன்றைக்குப் பொய் சொன்னவர் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடும் பன்னீர்செல்வம்.

அவருடைய ஊரில் ஏரிக்கரைப் புளிய மரம் புயலில் வேரோடு சாய்ந்திருந்தது. மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு, ஒரே பலகையில் நீளமான சாப்பாட்டு மேசை வேண்டுமாம். நைனா போய் மரத்தைப் பேசி, அடியைத் தரை மட்டத்தில் வெட்டி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆணி கீதா நைனா?"

"நம்மூரு மரம் பாப்பா. எனக்குத் தெரியாதா? பட்டையோட ஏத்துடா சரவணா."

பட்டையோடு ஏற்றச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷமாக எங்களைத் திட்டித் திட்டிப் பட்டை உரிக்கப் பழக்கியவரே அவர்தான். பட்டைக்குள் மண்ணும் கல்லும் இருக்கும், வாள் மழுங்கும், உரித்தால்தான் மரத்தின் யோக்கியதை தெரியும் என்பார். இரும்பு உள்ளே இருந்தால் புளிய மரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆணியைச் சுற்றி, நார் ஓடுகிற வழியில், மை கொட்டின மாதிரி நீலக்கறுப்பாகக் கறை இறங்கும்.

நான் உளியை எடுத்துப் பட்டையை நெம்பினேன். பெரிய துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் ஓர் ஆணி. ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்ட தலைமுடி.

பக்கத்தில் இன்னொன்று. அதில் நரைமுடி. அதற்கடுத்த ஆணியில் முடியோடு சிவப்பு ரிப்பன் துண்டும் ஒட்டியிருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போடும்போது கட்டுகிற ரிப்பன். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு நாற்றம் வந்தது. உளியைப் போட்டுவிட்டு மில்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

இந்த வழக்கம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பேய் பிடித்ததென்று சொல்லி ஒரு பெண்ணை இழுத்துவந்து மரத்தோடு சேர்த்து நிறுத்துவார்கள். உச்சிமுடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைவார்கள். பிறகு முடியை வெட்டி அவளை விடுவித்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். பேய் மரத்திலேயே தங்கிவிடுமாம். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி அவளிடமே வருமாம்.

திரும்பி வந்தபோது அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நைனா எதிரில் நின்றிருந்தான்.

"இன்னா நைனா இது? என் தலைய அறுக்கவா இட்டாந்த?"

"மெதுவா தள்ளுடா. எல்லாம் துரு ஏறின ஆணி, சோறு மாதிரி அறுந்துரும்."

"அப்ப நீ நில்லு. நான் வூட்டுக்குப் போறேன்."

"பிடுங்கிட்டு அறுக்கலாம்" என்றேன் நான். "கடப்பாரை கீது, குறடு கீது. ஒரு காலை வேலை."

"பிடுங்கக் கூடாது."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. படிச்சிட்ட திமிருல பேசாத."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. விறகுக்காகப் பட்டைத் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லேன். என் முடிகூட அதுல கீதுன்னு சொல்லேன்."

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. நான் பிறந்த பிறகு அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, ஓயாத அழுகை. என்னைத் தூக்கவும் மாட்டாளாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து பஸ் இருந்தது. ஆனால் மரம் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவள் கொஞ்சம் குரலை உயர்த்தினால், "ஆணி அசைஞ்சிடுச்சா?" என்று நைனா கேட்பார். ஏதோ வீட்டுக் கிண்டல் என்று நானும் அண்ணனும் சிரித்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து ரிசார்ட் மேனேஜர் ராகவன் காரில் வந்து இறங்கினார். ஆணிகளைக் கண்டதும் போனை எடுத்துக் கிட்டத்தில் குனிந்து படம் பிடித்தார்.

"சூப்பர்! இதை எடுத்துடாதீங்க. மேல கண்ணாடி மாதிரி ரெசின் ஊத்தி அப்படியே சீல் பண்ணிடலாம். கெஸ்ட்ஸ்க்கு சொல்ல ஒரு கதை கிடைக்கும்."

"சார், அது பொம்பளைங்க தலைமுடி. எங்கம்மாவோடதும் கீது. அது மேல தட்டு வெச்சி சாப்பிடப் போறீங்களா?"

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "சாரி மேடம்" என்றார். பிறகு யோசித்து, "முடியை மட்டும் கிளீன் பண்ணிடலாம். ஆணி இருக்கட்டும்" என்றார்.

நைனாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "பாரு, சாரே சொல்றாரு."

"சாரு வந்து வாளுக்கு எதிர்ல நிக்கட்டும்" என்றான் அண்ணன். ராகவன் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாணாம் அம்சா" என்று நைனா அம்மாவிடம் குரலை இறக்கினார். "உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா? நாளைக்கு நான் சிரிச்சாலும் அழுதாலும் பேய் திரும்பிடுச்சின்னு என்னை இழுத்துகினு போவ. அது எனக்குத் தெரியும். அதுக்காக எம்புள்ள கழுத்தக் குடுக்கச் சொல்றியா?"

வெளியே தெரிந்த ஆணிகளை நானும் அண்ணனும் பிடுங்கினோம். பழையவற்றை மரம் மூடி விழுங்கியிருந்தது. ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தடவிப் பார்த்தோம். அவ்வளவு ஆழத்துக்கு அது இழுக்கவில்லை.

"எந்த இடம்னு கண்டுபுடிக்கறது பேஜாரும்மா" என்றான் அண்ணன்.

அம்மா மரத்தின் அடிவெட்டுப் பக்கம் போனாள். புடவையைச் செருகிக்கொண்டு மரத்தூளில் மல்லாந்து படுத்தாள். குதிகாலை அடிவெட்டுக்கு நேராக வைத்து, மரத்தை ஒட்டி உடம்பை நீட்டினாள்.

"என் உச்சிக்கு நேரா வெட்டு. மரம் எவ்ளோ ஒசந்தாலும் அடிச்ச ஆணி மேல ஏறாது."

அவள் தலைமாட்டில் உளியால் ஒரு கோடு போட்டேன். பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகளும் அந்தக் கோட்டை ஒட்டியே மரத்தைச் சுற்றி வந்தன. சில ஒரு கை கீழே. ரிப்பன் துண்டு இருந்தது இன்னும் கீழே. ஆம்பளை உயரத்தில் ஒன்றுகூட இல்லை.

அம்மா எழுந்து தள்ளி நின்றதும் அண்ணன் அந்த இடத்தைக் கோடாலியால் செதுக்கினான். வெள்ளை மரம் போய் நீலக்கறுப்புக் கறை வந்தது. கறையின் நடுவில் ஆணியின் தலை. அம்மா கடப்பாரையை அவனிடமிருந்து வாங்கினாள். நைனா அவள் கையைப் பிடிக்க வந்தார்.

"யோவ், கைய எடு."

நைனா கையை எடுத்தார். என்னிடம் திரும்பி, "பாத்தியா? யோவ்ங்கறா" என்றார்.

ஆணி கிறீச்சென்று வெளியே வந்தது. அதோடு கொஞ்சம் கறுத்த முடி, தாரில் ஊறின மாதிரி. நைனா பின்னால் நகர்ந்தார். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளின் முகத்தில் வேறு யாராவது தெரிகிறார்களா என்று பார்த்தார்.

அந்தக் கோட்டைச் சுற்றி முழுக்கச் செதுக்கி மிச்ச ஆணிகளையும் எடுத்தோம். பிறகு அண்ணன் மரத்தை ஏற்றினான். வாள் ஒரு சத்தமும் மாறாமல் ஓடியது. பலகை விழுந்தபோது நடுவில் குறுக்கே வரிசையாகக் கறுப்பு வளையம் போட்ட ஓட்டைகள். ராகவன் காரிலிருந்து இறங்கி வந்து விரலை விட்டுப் பார்த்தார். ஓட்டைகளும் அழகுதான் என்றார். பலகை உங்களுக்குக் கிடையாது, இது அடுப்புக்குப் போகிறது என்றேன். சண்டை போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் அம்மா போட்ட சோற்றை நைனா தொடவில்லை. டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குப் போன் பேசினார்.

"ஆமாண்டா, பிடுங்கிட்டா... யோவ்ங்கறாடா... அது சாஞ்சிடுச்சி, இப்ப எங்க அடிக்கறாங்க? வேற எந்த மரம் கீது?"

எழப் போன என்னை அம்மா தோளில் கை வைத்து உட்காரவைத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே டிராக்டர் பக்கம் திரும்பி, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"யோவ், எந்த மரம்னு நல்லா கேட்டு வெச்சிக்கோ. சரவணா, கோடாலிய வண்டில போடு. சாப்ட்டு போய் அதையும் சாச்சிட்டு வந்துரலாம்."

நைனா போனைக் காதிலிருந்து எடுத்தார். அண்ணன் கை கழுவிக்கொண்டு போய் நிஜமாகவே கோடாலியை எடுத்தான்.