பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை

சோல்வை அந்த விளம்பரத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். நான்காவது முறை தேறியது இது: 'தேக்கு உணவு மேசை. 1962-இல் செய்தது. இரு பக்கமும் பலகையை இழுத்தால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். இடது பலகை கொஞ்சம் அடம்பிடிக்கும். ஒன்பதாயிரம் குரோனர். வந்து எடுத்துப்போக வேண்டும்.' கடைசியில் 'சீக்கிரம்' என்று சேர்த்தாள். விற்கிறவளுக்கு என்ன இத்தனை அவசரம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பிறகு அதை எடுத்துவிட்டாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த மேசை அவளைக் கட்டிப்போட்டிருந்தது. மாமியார் இறந்ததும் வீட்டுச் சாமான்களைப் பிரித்தார்கள். வெள்ளிக் கரண்டிகள் மூத்த நாத்தனார் போடிலுக்கு. சுவர்க் கடிகாரம் இளையவள் ரௌன்ஹில்டுக்கு. மேசை மட்டும் சோல்வையின் கணவன் ப்ரெபனுக்கு. "எங்க வீட்டுல அதுக்கு இடம் ஏது?" என்றாள் போடில். அவள் வீட்டுக் கண்ணாடி அறையில் நாலு பசுமாட்டைக் கட்டலாம். இவ்வளவு நல்ல மேசையை ஏன் விட்டுக்கொடுக்கிறாள் என்று அன்றைக்கு சோல்வைக்கு விளங்கவில்லை. டிசம்பர் வந்ததும் விளங்கியது. அந்தக் குடும்பத்தில் ஒரு வாக்கு உண்டு: மேசை எங்கேயோ, கிறிஸ்துமஸ் அங்கே.

கிறிஸ்துமஸ் மட்டுமா? ஈஸ்டர் விருந்தும் அங்கேதான், நாத்தனார் பிள்ளைகளின் பிறந்தநாளும் அங்கேதான். வாத்தை வறுத்து, சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்து, உருளைக்கிழங்கைச் சர்க்கரைப் பாகில் புரட்டி எடுப்பதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். சாப்பிட்டு எழுந்ததும் எல்லோரும் மரியாதையாகச் "சாப்பாட்டுக்கு நன்றி" என்பார்கள். நன்றி சொன்னவர்கள் போய்விடுவார்கள், பாத்திரங்கள் இருக்கும்.

ஒரு வருஷம் வாயைத் திறந்து பார்த்தாள். "இந்தத் தடவை வேற யார் வீட்லயாவது வெச்சுக்கலாமே?"

"வேற யார்கிட்ட மேசை இருக்கு?" என்றாள் போடில். அந்த வருஷமும் வாத்தை சோல்வைதான் வறுத்தாள்.

ப்ரெபன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. இனியாவது விட்டுவிடுவார்கள் என்று எண்ணினாள். "நீ தனியா கிடக்கக் கூடாது" என்று முன்னைவிட அடிக்கடி வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள், அதுதான் கொடுமை. கெட்டவர்களிடம் சண்டை போடலாம். கட்டிப்பிடிக்கிறவர்களிடம் என்ன செய்வது? ஃபோபோர்க் ஊரிலிருந்த அந்த வீட்டில் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்தது மேசையின் இடது பலகை ஒன்றுக்குத்தான். அதையும் முழங்காலால் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பணியவைத்துவிடுவார்கள்.

சமையலறை இழுப்பறையில், ரொட்டிக் கத்திக்கு அடியில், ஒரு காகிதம் இருந்தது. ஸ்வென்போர்க் துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டே அறை கொண்ட ஒரு வீட்டின் வாடகை ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அறுபது வயதில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரே ஒரு சாவி. நாத்தனார்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மேசை போய்விட்டால் தான் வாய் திறக்க வேண்டாம், இல்லாத மேசையே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கணக்குப் போட்டாள். வாயில்லாப் பூச்சிகளின் யோசனை இப்படித்தான் இருக்கும்.

மறுநாளே மாட்ஸ் என்று ஒரு இளைஞன் வேனோடு வந்தான். விலையில் ஒரு குரோனர்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. வலது பலகையை இழுத்துப் பார்த்தான். இடது பக்கம் போய், அவள் சொல்லாமலே, முழங்காலால் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினான். பலகை வெளியே வந்தது.

"அட, ரொம்ப நாள் பழகின மாதிரி தட்டுறியே!"

மாட்ஸின் காது சிவந்தது. "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்றான். அப்படியானால் இன்னொன்று எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தப்பிக்கிறவள் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பாளா?

அடுத்த மூன்று வாரம் அவள் ராணி. கம்பளத்தில் மேசைக்கால் பதிந்த நான்கு குழிகளின் நடுவே நாற்காலியைப் போட்டு, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கம்பு ரொட்டியில் ஈரல் பசையைத் தடவி ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அறுபதாவது பிறந்தநாள். அது கழிந்ததும் திங்கட்கிழமை கையெழுத்து. சந்தோஷம் தாங்காமல் இரண்டு தரம் தனியாகச் சிரித்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. சொந்தபந்தம் மொத்தமும் தோட்டத்தில் நின்றது. பிறந்தநாளுக்கென்று கம்பத்தில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. அறுபது வயதானவளை இப்படிப் பாடி எழுப்பினால், அவள் இரவு உடையோடு வந்து ஆச்சரியப்பட்டே ஆக வேண்டும். சோல்வையும் வந்து ஆச்சரியப்பட்டாள்.

"கண்ணை மூடு!" என்றாள் போடில். "திருட்டுத்தனமாப் பாக்கக் கூடாது!"

கனமான காலடிகள். மூச்சு வாங்கும் சத்தம். "கதவு, கதவு, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள். எங்கோ கேட்ட குரலாக இருந்தது. மாட்ஸ். அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது மேசை அதே நான்கு குழிகளில் நின்றது. மேலே சிவப்பு ரிப்பன். எல்லோர் கையிலும் அச்சடித்த தாள். ரௌன்ஹில்ட் கட்டிய பாட்டு, ஒன்பது சரணங்கள், ஒன்றையும் விடாமல் பாடினார்கள்:

விற்றுவிட்டாளே சோல்வை மேசை,
விடுமா எங்கள் பாசம்?
விரட்டிப் பிடித்தோம், வீடு சேர்த்தோம்,
இனிமேல் நிரந்தர வாசம்!

"விளம்பரத்தைப் பாத்ததும் ஒரு ராத்திரி பூரா அழுதேன்" என்றாள் போடில். இப்போதும் கண் கலங்கியிருந்தது. "கையில காசு இல்லன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் மகனோட சிநேகிதன் மாட்ஸை அனுப்பி நானே வாங்கினேன்."

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் சோல்வை. "நீங்க செஞ்சிருக்கவே வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பரிசு வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த ஊரில் சொல்வது அதைத்தான். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. சொன்னதை நம்புவது அதைவிட மரியாதைக் குறைவு.

"நிஜமாவே வேண்டாம், போடில்."

"பாரேன், தொண்டை அடைக்குது அவளுக்கு!" என்றாள் ரௌன்ஹில்ட்.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்!"

"எல்லாரும் நிஜமாத்தான் சொல்லுவாங்க. உக்காரு, உக்காரு." போடில் இடது பலகையில் ஒரே ஒரு விரலை வைத்து இழுத்தாள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. "தச்சர்கிட்ட குடுத்துச் சரி பண்ணிட்டேன். இனிமே அடமே பிடிக்காது!"

சோல்வைக்கு அழுகை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டி வந்தது, காபி வந்தது, காலையிலேயே குடிக்கும் கசப்பு மது சின்னக் கோப்பைகளில் வந்தது. "டிசம்பர்ல ரௌன்ஹில்டோட சம்பந்தி வீட்டுக்காரங்களும் வர்றாங்க" என்று போடில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் நெருக்கி உக்காந்தா பதினாலு பேர் தாராளமா உக்காரலாம்."

பதினாலு. சோல்வை கரண்டியை எடுத்துக் கோப்பையில் மூன்று தட்டுத் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மேசை அடங்கியது. கோப்பையைத் தட்டியவர் பேசலாம்; அவர் கோப்பையை உயர்த்தி 'ஸ்கோல்' என்று சொல்லும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது அவர்களுக்குச் சட்டத்தைவிடப் பெரிது. பத்தொன்பது வருஷம் சமைத்துப் போட்ட மேசையில் அவள் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

"எல்லாருக்கும் நன்றி" என்றாள். குரல் நடுங்கியது. "நான் ஸ்வென்போர்குக்குப் போறேன். ரெண்டே ரூம். நாளைக்குக் கையெழுத்து. காசு இல்லாம மேசையை விக்கல. எனக்கு முடியல, அதான் வித்தேன். பத்தொன்பது வருஷமா முடியல."

போடிலின் உதடு பிரிந்தது. கோப்பை இன்னும் உயரவில்லை. உதடு மூடிக்கொண்டது.

"மேசை எங்கேயோ, கிறிஸ்துமஸ் அங்கேன்னு சொல்லுவோம்." நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. "நான் வித்தேன். காசு குடுத்து வாங்கினது போடில். தச்சர் கூலியும் அவதான் குடுத்தா. அதனால மேசை போடிலோடது. வேன் வாசல்லதான் நிக்குது. கண்ணாடி ரூம்ல அம்சமா இருக்கும்." கோப்பையைப் பாதி தூக்கினாள். "நானும் வருவேன், போடில். பதினாலுல ஒருத்தியா. சாப்பிட்டுட்டு, நன்றி சொல்லிட்டுப் போவேன். ஸ்கோல்."

"ஐயோ, வேண்டாம்!" என்று போடில் எழுந்தே விட்டாள். "எதுக்கு இதெல்லாம்? எனக்கு வேண்டவே வேண்டாம்!"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மாட்ஸ் கைதட்டினான். ரௌன்ஹில்ட் தட்டினாள். மேசை முழுக்கத் தட்டியது.

"பாரேன், தொண்டை அடைக்குது அவளுக்கு!" என்றாள் ரௌன்ஹில்ட்.

போடில் சொன்னது நிஜம் என்று அந்த அறையில் சோல்வை ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவளும் அவள்தான்.